கை காட்டாமல் கடக்க

(புதுக்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்தன்னவாசல் ஓவியம் பற்றியும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பற்றியும் மணிக்கணக்கில் பேசிக் கேட்ட ஊர் இது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சாலையைக் கடப்பது பற்றி. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இதுல பேசுறதுக்கு என்ன சார் இருக்கு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் முதலில் சொல்கிறேன். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வண்டி ஓட்டாதவர்கள், யாரையும் முந்தாதவர்கள், உரிமம் தேவைப்படாதவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர் என்று கணக்கு வருகிறது. இவர்களில் ஒருவர்கூட இரண்டு பக்கமும் பார்க்கவில்லையா?

நம் பேருந்து நிலைய வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். டவுன் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா இறங்குகிறார். ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கையில் பிள்ளை. சாலை ஓரத்தில் நின்று வலப்பக்கம் பார்க்கிறார். வண்டிகள் ஓய்வதாக இல்லை. கூடையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு, விடுபட்ட கையை வண்டிகளை நோக்கி நீட்டியபடியே இறங்கிவிடுகிறார். பாதித் தூரம் போனதும் நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் ஒரு பைக், முதுகுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது இடப்பக்கம் பார்த்து மறுபடியும் கையை நீட்டுகிறார். யாரோ ஒருவர் பிரேக் போடுகிறார். இன்னொருவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வளைத்துப் போகிறார். அந்த அம்மா அக்கரை சேர்ந்துவிடுகிறார். இதைத்தான் நாம் அன்றாடம் "ரோட்டைக் கிராஸ் பண்றது" என்கிறோம்.

அந்த நீட்டிய கையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். போக்குவரத்துக் காவலர் கையை நீட்டினால் அது கட்டளை. அந்த அம்மா நீட்டும்போது அது கெஞ்சல். "அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் போயிடுறேன்" என்று முகம் தெரியாத ஓட்டுநரிடம் உயிருக்காகக் கேட்கும் கை அது. ஆனால் சட்டம் அவரைக் கெஞ்சச் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகளிலேயே, சிக்னல் இல்லாத நடப்போர் கடப்பிடத்தில் முன்னுரிமை நடப்பவருக்குத்தான் என்று எழுதியாகிவிட்டது. அதன் இடத்தில் 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இன்னும் விளக்கமாகச் சொல்கின்றன. கடப்பிடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். "முடிந்தால்", "வசதிப்பட்டால்" என்றெல்லாம் அதில் இல்லை.

இந்த விதியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால் ஜனவரி மாதம் வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்து வெயிலில் ஊர்வலம் விடுகிறோம். "வலது பார், இடது பார், மறுபடியும் வலது பார்" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமம் வாங்க வரும் இளைஞனிடம் எட்டுப் போடச் சொல்கிறோமே, வெள்ளைக் கோட்டைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று அவன் நெஞ்சில் பதிகிற மாதிரி யார் சொல்கிறோம்? பொறுப்பு முழுவதையும் பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிட்டு, பத்து டன் வண்டி ஓட்டுகிறவரை விட்டுவிடுகிறோம்.

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். பின்வரிசை மாணவர்கள் மனத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். அதற்கு எட்டு மீட்டர் போயிற்று. காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்றால் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐந்து மீட்டரில் வண்டி நின்றுவிடும். ஆக மொத்தம் பதின்மூன்று மீட்டர். இப்போது வேகத்தை 60 ஆக்குங்கள். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிவிட்டது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனவே இன்னும் இருபது மீட்டர். மொத்தம் முப்பத்தேழு.

இருபது மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை சாலையில் கால் வைக்கிறது என்று வையுங்கள். முப்பதில் வந்த வண்டி, பிள்ளைக்கும் தனக்கும் நடுவே ஏழு மீட்டர் மிச்சம் இருக்கும்போதே நின்றுவிடும். அறுபதில் வந்த வண்டி அந்தப் பிள்ளையைத் தொடும் கணத்திலும் மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் இருக்கும். ஓட்டுநர் அதே ஓட்டுநர். அவருடைய கவனமும் திறமையும் அப்படியேதான் இருக்கின்றன. வேகம் மட்டும்தான் வேறு. மழை பெய்த சாலையிலோ, ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரியிலோ இந்தத் தூரம் இன்னும் கூடும். கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த நம் மாவட்டத்தில் டாரஸும் டிப்பரும் போகாத சாலை எது?

இதையே நடப்பவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சாலைப் பொறியாளர்கள் நடையின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். நான்கு வழிச் சாலையில் வண்டிகள் ஓடும் அகலம் பதினான்கு மீட்டர். அதைக் கடக்கப் பன்னிரண்டு நொடி வேண்டும். அந்தப் பன்னிரண்டு நொடியில் அறுபதில் வரும் வண்டி இருநூறு மீட்டர் ஓடி வந்துவிடும். அதாவது, இருநூறு மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாக எடை போட்டால்தான் ஒருவர் நம்பி இறங்க முடியும். முதியோர் ஓய்வூதியம் வாங்க வரும் பாட்டிக்கு அதே தூரத்தைக் கடக்கப் பதினேழு பதினெட்டு நொடிகள் ஆகும். அவர் முந்நூறு மீட்டர் தூரம் பார்க்க வேண்டும். கண்புரை விழுந்த கண்ணுக்கு அந்தத் தூரத்தில் வருவது லாரியா பைக்கா என்பதே தெரியாது. "பாத்துப் போக வேண்டியதுதானே பாட்டி" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும். சாலையின் நடுவே பாதுகாப்பாக நிற்க ஓர் இடம், ஒரு சைக்கிளோடு நிற்கும் அகலத்துக்கு, அமைத்துக் கொடுத்தால் அவர் ஏழு ஏழு மீட்டராகக் கடப்பார். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். செலவு கொஞ்சம் சிமெண்டும் கல்லும்தான்.

வெள்ளைக் கோட்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1934-இல் போக்குவரத்து அமைச்சராக வந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, லண்டனில் சாலையைக் கடக்கும்போது காரில் அடிபட இருந்து தப்பியவர். அவர் காலத்தில் கடப்பிடங்களின் இரு முனையிலும் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை வைத்தார்கள். கம்பம் தெரிந்தது. தரையில் எங்கே நிறுத்துவது என்பது ஓட்டுநருக்குத் தெரியவில்லை. பல சோதனைகளுக்குப் பிறகு 1951-இல்தான் இன்றைய வரிக்குதிரைக் கோடுகள் சட்டப்படி வந்தன. தூரத்திலிருந்து ஓட்டுநர் கண்ணுக்குப் பட வேண்டும் என்பதற்காகவே பட்டை பட்டையாக வரைந்தார்கள். நாமோ அந்தக் கோட்டை நடப்பவருக்கான பாதை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முதலில் ஓட்டுநருக்கான அறிவிப்பு.

கோடு போட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். வேகத்தைக் குறைக்க எந்த ஏற்பாடும் இல்லாமல், அகலமான சாலையில் வெறுமனே கோடு போட்டுவிட்டுப் போவது நடப்பவருக்கு இழைக்கும் துரோகம். கோட்டை நம்பி அவர் இறங்குவார். கோட்டை மதிக்காமல் வண்டி வரும். கோட்டின் மேலேயே ஆட்டோ நிற்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். கோடு போய் முட்டும் இடத்தில் சென்டர் மீடியன் கம்பி வேலி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். நடப்பவர் அங்கே என்ன செய்ய வேண்டும், பறக்க வேண்டுமா? இன்னொரு ஆபத்து இருக்கிறது. நல்ல மனசுக்கார பஸ் டிரைவர் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்து நிறுத்துகிறார், "போங்க" என்று கையசைக்கிறார். பிள்ளைகள் பஸ்ஸின் முகப்பைத் தாண்டி அடுத்த அடி வைக்கும்போது, பஸ் ஏன் நின்றது என்று யோசிக்காத பைக் ஒன்று வலப்பக்கமாக முந்தி வருகிறது. பஸ் மறைப்பதால் பிள்ளைக்கும் பைக் தெரியாது, பைக்காரருக்கும் பிள்ளை தெரியாது. நின்ற வண்டியைக் கடப்பிடத்தில் முந்தாதீர்கள். இதை ஒவ்வொரு வீட்டிலும் பைக் வைத்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. கடப்பிடத்தையே நடைமேடை உயரத்துக்கு, அரை அடி அளவுக்கு, மேடாக உயர்த்தி, இரு பக்கமும் சரிவு கொடுத்துவிட்டால் போதும். அது வேகத்தடையாகவும் இருக்கும், பாதையாகவும் இருக்கும். சக்கர நாற்காலி இறங்கி ஏற வேண்டியதில்லை. இந்திய சாலைப் பேராயம் நடப்போர் வசதிகளுக்கென்றே ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி நூலை வைத்திருக்கிறது. 1988-இல் முதலில் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. மேடான கடப்பிடம் அதிலேயே இருக்கிறது. பொறியாளர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரைவிட இதற்குத் தோதான ஊர் தமிழ்நாட்டில் குறைவு என்பேன். 1812-இல் பழைய புதுக்கோட்டை தீக்கிரையானது. அப்போது ஆண்ட விஜயரகுநாதராயத் தொண்டைமான், ஆங்கில ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்ன் யோசனையையும் கேட்டு, அகலமான நேர் வீதிகளாக ஊரை மறுபடியும் எழுப்பினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் குளங்களும் வீதிகளும் மேலும் சீர்பட்டன. ராஜ வீதி நான்கு, அவற்றைச் சுற்றி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று சதுரம் சதுரமாகப் போகும் ஊர். வெளியூர்க்காரர்கூட வீதிப் பெயரைக் கேட்டே வழி கண்டுபிடித்துவிடலாம். இப்படிச் சதுரம் போட்ட ஊரில் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு முக்கம் வந்துவிடும். ஒவ்வொரு முக்கமும் இயல்பான கடப்பிடம். நடப்பவரும் மாட்டு வண்டியும் தேரும் சேர்ந்து போக வகுத்த வீதிகள் இவை. கீழ ராஜ வீதியில் துணி எடுக்க வருகிறவர் இந்தப் பக்கக் கடையிலிருந்து அந்தப் பக்கக் கடைக்குப் போகத்தான் செய்வார். அதைத் தவறு என்று சொல்ல முடியுமா? கடைவீதி என்றாலே குறுக்கும் நெடுக்கும் நடப்பதுதானே. குறுக்கே போவது இருக்கட்டும், நெடுக நடக்கவே இடம் இல்லை என்பது தனிக் கதை. நடைமேடையில் கடைச் சரக்கு, அதை ஒட்டி பைக் வரிசை, அதற்கு அடுத்துத்தான் மனிதர்.

வண்டியைக் கட்டுப்படுத்த நம்மால் முடியாது என்பார் இருக்கிறார்கள். மாசி மாதம் திருவப்பூர் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது என்ன செய்கிறோம்? பூத்தட்டும் பால்குடமும் வரும் பாதையில் வண்டிகளை நிறுத்துகிறோம், மாற்றுப் பாதையில் திருப்பிவிடுகிறோம். ஊர் ஸ்தம்பித்துப் போகவில்லை. அம்மனுக்காக நடப்பவர்களுக்கு வழிவிடத் தெரிந்த ஊருக்கு, இராணியார் பள்ளிக்கு நடக்கும் மகள்களுக்கு வழிவிடத் தெரியாதா?

மகள்கள் என்றதும் எனக்கு 1991 நினைவுக்கு வருகிறது. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்களும், வயலில் நாற்று நடும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும் மாலை நேரங்களில் திடல்களில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தேடி வந்து எழுதினார். 1996-இல் வந்த அவருடைய புத்தகத்தின் வழியே புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டு வாசலோடு நின்ற பெண் சாலைக்கு வந்த காலம் அது. கேலி பேசினார்கள், கண்ட மாதிரி விமர்சித்தார்கள். அவர்கள் பெடலை நிறுத்தவில்லை.

அன்று ஊரார் வாயைத்தான் அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. சாலையில் வண்டிகள் குறைவு. இன்று அவர்களுடைய பேத்திகள் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள். கேலி பேச யாருமில்லை. ஆனால் பிரதான சாலைக்கு வந்ததும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இடைவெளிக்காகக் காத்து நிற்கிறார்கள். "நீ ரோட்டத் தாண்ட வேணாம்டி, அப்பா வந்து கூட்டிட்டு வரேன்" என்று எத்தனை வீட்டில் சைக்கிள் சும்மா கிடக்கிறது! பாட்டி வென்ற சாலையைப் பேத்தி இழந்துகொண்டிருக்கிறாள். புதுக்கோட்டைக்காரன் என்ற முறையில் இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு வீட்டோடு இருந்த எத்தனையோ பெண்கள் வெளியே வருகிறார்கள், நல்ல காரியம். பஸ் ஏறும்போது ஒரு பக்கம் நிற்கிறார்கள் என்றால் திரும்பி வந்து இறங்குவது எதிர்ப் பக்கம். ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை சாலையைக் கடந்தே தீர வேண்டும். பயணத்தை இலவசமாகக் கொடுத்த அரசு, பஸ் நிற்கும் இடந்தோறும் கடப்பிடத்தையும் கொடுத்தால்தான் அந்தக் கொடை நிறைவாகும்.

நகரத்தை விட்டு வெளியே போனால் நிலைமை இன்னும் கடுமை. திருச்சி சாலையில் மாத்தூரும் கீரனூரும், மதுரை – திருச்சி நாற்கரச் சாலையில் விராலிமலையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் மீமிசலும் என்று, ஊரும் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்கள் நமக்கு ஏராளம். குடியிருப்பு ஒரு பக்கம், ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் கண்மாயும் மறு பக்கம். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகும் பெண்களும் கடக்க வேண்டும், ஆடு ஓட்டிப் போகிறவரும் கடக்க வேண்டும். சாலை வருவதற்கு முன்பே அந்த ஊர் அங்கே இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று நமணசமுத்திரத்தில், சாலையோர டீக்கடையில் நின்றிருந்த பக்தர்கள் மேல் லாரி புகுந்து ஐந்து உயிர்கள் போயின. அவர்கள் சாலையைக் கடக்கக்கூட இல்லை. ஓரத்தில் நின்றவர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஊருக்குள் வண்டி வந்தால் ஓரமும் பாதுகாப்பில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு சாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். உறவினர்கள் சாலை மறியல் செய்வார்கள். இரு பக்கமும் வண்டிகள் நிற்கும். தாசில்தாரும் காவல் துறையினரும் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார்கள். வேகத்தடை அமைக்கப்படும் என்று உறுதி கொடுத்ததும் கலைந்து செல்வார்கள். மறுநாள் பேப்பரில் நான்கு வரி வரும். ஊர்ச் சாலையாக இருந்தால் வேகத்தடை வந்துவிடும், சில சமயம் ஊராரே மண்ணையும் ஜல்லியையும் கொட்டிப் போட்டுவிடுவார்கள், இரவில் அதில் இன்னொருவர் விழுவார். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அங்கே வேகத்தடைக்கே விதி இடம் தராது. போலீஸ் பேரிகார்டு இரண்டு குறுக்கே வரும், கொஞ்ச நாளில் அதுவும் ஓரமாகத் தள்ளப்பட்டுவிடும். கடப்பிடம் வேண்டும் என்று கேட்க ஒரு பிணம் வேண்டியிருக்கிறது. அந்த வழக்கத்தை நாம் உடைத்தாக வேண்டும்.

"நடை மேம்பாலம் கட்டிக் கொடுங்க" என்று சில ஊர்களில் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே லாரி போக வேண்டும் என்பதால் பாலத்தின் தளம் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும். அரையடிப் படி என்றால் நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும். ரேஷன் அரிசி மூட்டையோடு, மூட்டு வலியோடு, பத்து நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இருட்டிய பிறகு தனியாக எந்தப் பெண் ஏறுவார்? ஏறாமல் கீழேயே கடப்பார். கடந்து அடிபட்டால் "பாலம் இருக்கும்போது கீழே ஏன் போனாய்?" என்று பழியும் அவர் தலையில் விழும். வேகமாகப் போகிறவருக்கு என்ஜின் இருக்கிறது. ஏறி இறங்க வேண்டியது அவர்தான். ஊர் வரும் இடத்தில் சாலை மேலேறிப் போகட்டும், மக்கள் தரையில் கீழே நடக்கட்டும். நான்கு வழிச் சாலைக்கு ஊர் முகப்பிலேயே சுரங்கப் பாதை கேளுங்கள், ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி அல்ல.

  

நம் அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே சாலையைக் கடப்பவர்களுக்காக 2009 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. முதியவரோ மாற்றுத்திறனாளியோ சிக்னல் கம்பத்தில் தம் அட்டையைத் தொட்டால், நடப்பதற்கான பச்சை விளக்கு மூன்று முதல் பதின்மூன்று நொடி வரை கூடுதலாக எரியும். நான் கொஞ்சம் முன் போட்ட பாட்டியின் கணக்கை அந்த ஊர் சிக்னல் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறது. பணக்கார ஊர் என்று தள்ளிவிடாதீர்கள். கொழும்புக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். அங்கே கடப்பிடத்தில் கால் வைத்தால் வண்டிகள் நிற்கின்றன. நம்மைப் போலவே நெருக்கடியான தெருக்கள், நம்மைப் போலவே ஆட்டோக்கள், அவசரக்கார பஸ்கள். பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இங்கேயும் காற்று திரும்புகிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், அடிபட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்ததோடு நில்லாமல் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான், நல்ல நடைமேடை நடப்பவரின் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வருவது என்று 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்போர் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒரு தமிழ் மருத்துவரின் விடாமுயற்சி நாடு முழுவதும் நடப்பவர்களுக்கு வாய் கொடுத்திருக்கிறது. தீர்ப்பு டெல்லியிலிருந்து நம் ஊர்ப் பழனியப்பா கார்னருக்குத் தானாக வந்து சேராது. நாம்தான் கொண்டுவர வேண்டும்.

1912-இல் நகராட்சியான ஊர் 2024-இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. பெயர்ப் பலகை மாறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். மாநகராட்சி என்பதற்கு முதல் அடையாளமாக நான் கேட்பது பெரிய வளைவையோ நீரூற்றையோ அல்ல. ராஜ வீதிகளுக்குள் எந்த வண்டியும் 30-க்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வேண்டும். ஒவ்வொரு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தத்தின் முன்பும் மேடான கடப்பிடமும், அதற்கு மேலே இரவில் எரியும் விளக்கும் வேண்டும். பேருந்து நிலையத்தையும் அண்ணா சிலையையும் சுற்றி, நடப்பவருக்கென்று தனியே நேரம் ஒதுக்கிய சிக்னல் வேண்டும். இதில் எதற்கும் புதிதாகச் சட்டம் தேவையில்லை.

எங்கே கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பல நல்ல மனுக்கள் தவறான மேசைக்குப் போய்க் கிடக்கின்றன. ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையதல்ல. சில மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை, சில தேசிய நெடுஞ்சாலை. சாலை யாருடையது என்பதை முதலில் விசாரியுங்கள். எல்லாத் துறைகளும் ஒன்றாக உட்காரும் இடம் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு. அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவில் "சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்த இடம், எந்தப் பள்ளி எதிரே, காலையில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். மாணவர்களே, அந்த எண்ணிக்கையை எடுப்பது உங்கள் வேலை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் கடப்பிடத்துக்கென்று தனித் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆண்டில் ஆறு முறை கூடும் சபை அது. யாராவது இறந்த பிறகு அல்ல, அதற்கு முன்னால்.

கூட்டம் முடிந்து வண்டியில் வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வழியில் யாராவது சாலை ஓரத்தில் இறங்கத் தயங்கி நின்றால், அவர் கையை நீட்டும் வரை காத்திருக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள், அவர் அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும். மனு எழுதத் துணை வேண்டுவோர் மாலை நேரங்களில் நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். உட்கார்ந்து எழுதித் தருகிறேன், திங்கட்கிழமை உங்களோடு வரவும் செய்கிறேன்.